படம் ஒரு மாடியில், திசு ஒரு மாடியில்!

இரண்டு காகிதங்கள். ஒன்றில், "புற்றுநோயாக இருக்கலாம் என்று பலமாகச் சந்தேகிக்க இடமிருக்கிறது" என்று எழுதியிருக்கிறது. மற்றொன்றில், "புற்றுநோய் உயிரணுக்கள் காணப்படவில்லை" என்று எழுதியிருக்கிறது. இரண்டின் தலைப்பிலும் ஒரே பெயர், ஒரே வயது, ஒரே மருத்துவமனையின் முத்திரை! இந்த இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, புறநோயாளிப் பிரிவின் வாசலில் நிற்கிற ஒரு தாயை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எதை நம்புவாள் அவள்? முதல் காகிதத்தை நம்பினால் உறக்கம் போயிற்று. இரண்டாவதை நம்பினால் ஊருக்குப் போய்விடலாம். களையெடுப்பு காத்திருக்கிறது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எதை நம்ப விரும்புவார்கள் என்பதை நாம் சொல்லவா வேண்டும்? ஊருக்குத்தான் போவாள். ஆறு மாதமோ எட்டு மாதமோ கழித்து மறுபடி வருவாள். அப்போது இரண்டு காகிதங்களுக்கும் இடையே சண்டை இருக்காது.

யார் செய்த குற்றம் இது? படம் எடுத்த டாக்டரா? இல்லை, அவர் கண்டதை எழுதினார். திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டரா? இல்லவே இல்லை, அவரும் கண்டதைத்தான் எழுதினார். இருவரும் கற்றவர்கள், கடமை தவறாதவர்கள். ஒன்றே ஒன்றுதான் நடக்கவில்லை. அவர் எழுதியதை இவர் படிக்கவில்லை. இவர் எழுதியதை அவர் படிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது அதற்குப் பொருந்துகிறதா?" என்று கேட்கவேண்டிய வேலை யாருடையது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே அந்த வேலை, எழுதப்படிக்கத் தெரியாத அந்தத் தாயின் தலையில் விழுந்தது!

யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதையை நாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஏனெனில் இங்கே இருவருக்கும் நல்ல கண். சாதாரணக் கண்ணும் அல்ல, நமக்கெல்லாம் கிட்டாத கண். 1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் கண்டுபிடித்த கதிர், உடலைக் கிழிக்காமல் உள்ளே பார்க்கும் கண்ணை ஒரு துறைக்குக் கொடுத்தது. அதற்கு முன்பே, 1858-இல், நோய் என்பது உயிரணுவில் நிகழும் மாற்றம் என்று எடுத்துக்காட்டி நூல் எழுதிய விர்ச்சோவின் வழிவந்தது மற்றொரு துறையின் கண். முன்னதைக் கதிரியல் துறை என்கிறோம். பின்னதை நோய்க்குறியியல் துறை என்கிறோம். எக்ஸ்ரே, ஸ்கேன் அறை ஒன்று; ரத்தமும் சளியும் சதையும் சோதிக்கும் அறை மற்றொன்று. முன்னதற்கு நோய் இருக்கும் இடம் தெரியும், அதன் அளவும் எல்லையும் தெரியும், அது பக்கத்தில் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியும். பின்னதற்கு நோயின் இனம் தெரியும். ஆனால் எந்தத் துணுக்கு அதன் மேசைக்கு வந்ததோ அந்தத் துணுக்கின் இனம் மட்டுமே தெரியும். ஊசி போனது கட்டியின் நடுவிலா, ஓரத்திலா, பக்கத்திலிருந்த கொழுப்பிலா? கண்ணாடிச் சில்லின்மேல் படிந்த அந்த மெல்லிய இழைக்கு அதைச் சொல்லத் தெரியாது. சொல்லக்கூடியது படம் ஒன்றுதான்.

இப்போது அந்தத் தாயின் இரண்டு காகிதங்களுக்கு மறுபடி வருவோம். மார்பகப் படத்தை மதிப்பிட அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993-இல் ஒரு எண் முறையை வெளியிட்டது. இன்று உலகெங்கும் அது வழக்கில் இருக்கிறது. நம்முடைய ஊர் ஸ்கேன் மையங்களின் அறிக்கைகளிலும் 'பைராட்ஸ்' என்ற சொல்லை வாசகர்கள் பார்த்திருக்கலாம். அதில் 5 என்று எழுதினால், புற்றுநோயாக இருக்க 100-க்கு 95 பங்கோ அதற்கு மேலோ வாய்ப்பு உண்டு என்று பொருள். அப்படிப்பட்ட படத்துக்குப் பிறகு ஊசி போட்டெடுத்த திசுவில் "ஒன்றுமில்லை" என்று வந்தால், அது நல்ல செய்தியா? அன்று! அது பதிலே அன்று. பெரும்பாலும் ஊசி இலக்குத் தவறியது என்பதற்கான அறிவிப்பு அது. மறுபடி ஊசி போடவேண்டும், அல்லது அறுவை செய்து அந்தப் பகுதியை எடுத்துப் பார்க்கவேண்டும். மருத்துவ நூல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. கையால் தொட்டுப் பார்ப்பது, படம் எடுப்பது, திசு பார்ப்பது என்ற மூன்றும் ஒரே திசையைக் காட்டினால்தான் முடிவு. ஒன்று முரண்டினாலும் வழக்கு முடியவில்லை. இதற்கு மூன்று முனைச் சோதனை என்று பெயர். மூன்று முனைகளையும் முடிச்சுப்போட ஆள் இல்லாவிட்டால் பெயரால் என்ன பயன்?

இன்னும் நுட்பமான ஒரு செய்தி உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. மார்பகப் படத்தில் சில வேளை கட்டி எதுவும் தெரியாது. உப்பைத் தூவினாற்போல் சுண்ணாம்புத் துகள்கள் மட்டும் தெரியும். ஆரம்ப நிலையிலுள்ள நோய்க்கு அதுவே அடையாளமாக இருப்பதுண்டு. அந்தத் துகள் இருக்கும் இடத்துக்கு ஊசியைச் செலுத்தித் திசு எடுப்பார்கள். எடுத்தது சரியான இடத்திலிருந்துதானா என்று அறிய, எடுத்த திசுத் துணுக்கையே உடனே ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். துகள் அதில் தெரிந்தால் இலக்கு சரி. துணுக்கு நோய்க்குறியியல் அறைக்குப் போகிறது. அங்கே மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கும் டாக்டர், "சுண்ணாம்பு எதுவும் காணோமே!" என்கிறார். மாயமா, மந்திரமா? ஒன்றும் இல்லை. சுண்ணாம்பில் இரு வகை உண்டு. பாஸ்பேட் வகை சாயத்தை ஏற்றுக் கருநீலமாகத் தெரியும். ஆக்சலேட் வகை சாயத்தை ஏற்காது. சாதாரண ஒளியில் கண்ணுக்கே தப்பிவிடும். மைக்ராஸ்கோப்பில் ஒளியை ஒருதிசைப்படுத்தும் வடிகட்டியைப் போட்டுத் திருப்பினால் போதும், இருட்டு வானத்தில் விண்மீன்போல் மின்னும்! அல்லது துகள் இன்னும் சீவப்படாத மெழுகுக் கட்டிக்குள்ளேயே கிடக்கலாம். அந்தக் கட்டியை எக்ஸ்ரே எடுத்து, எங்கே கிடக்கிறது என்று பார்த்து, அங்கே ஆழமாகச் சீவவேண்டும்.

இந்த வடிகட்டியைப் போடவேண்டும் என்று அந்த டாக்டருக்கு எப்படித் தோன்றும்? படத்தில் துகள் இருந்தது, எடுத்த துணுக்கிலும் இருந்தது என்று யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால்தானே! சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரி எழுதப்படாததால், ஒரு பெண் இரண்டாவது முறை ஊசிக்கு உட்படவேண்டியிருக்கிறது. அல்லது அதைவிடக் கொடுமை, தவறான ஆறுதலோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள்.

இது ஏதோ புதிய நாகரிகம், கணிப்பொறி யுகத்தில் முளைத்த ஆசை என்று எண்ணிவிடவேண்டாம். நூறாண்டுகளுக்கு முன்பே இதைக் கரடியாய்க் கத்திச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் எர்னஸ்ட் காட்மன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர். எக்ஸ்ரே புதிதாக வந்த நாட்களிலேயே அதைக் கையாண்டவர். நோயாளிக்கு என்ன சிகிச்சை செய்தோம் என்பதோடு மருத்துவமனையின் வேலை முடியாது. அவர் பிற்பாடு என்ன ஆனார் என்று தேடிப் பார்த்து எழுதவேண்டும், எழுதியதை ஊரறிய வெளியிடவேண்டும் என்றார். கேட்பார்களா பெரிய இடத்து டாக்டர்கள்? 1915-இல் ஒரு கூட்டத்தில், அவர்களைக் கேலிசெய்து ஒரு பெரிய சித்திரத்தையே திரைவிலக்கிக் காட்டி, பலருடைய பகையைத் தேடிக்கொண்டார் மனிதர்!

அந்தக் காட்மன்தான் 1920-ஆம் ஆண்டு வாக்கில் எலும்புப் புற்றுக்கு ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். நாடெங்குமுள்ள அறுவை மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதினார். எலும்புப் புற்று என்று நீங்கள் கருதிய நோயாளிகளின் வரலாறு வேண்டும், எக்ஸ்ரே படம் வேண்டும், திசுச் சில்லு வேண்டும், கடைசியில் அவர் என்ன ஆனார் என்ற முடிவும் வேண்டும் என்றார். வந்து குவிந்தவற்றை அறிந்தோர் பார்த்தபோது வெளியானது என்ன? ஒரே நோய்க்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தார்கள்! புற்று என்று எழுதப்பட்டவற்றில் புற்றல்லாதவையும் கலந்திருந்தன. பெயர்களை ஒழுங்குபடுத்த வேண்டிய வேலையையே அந்தப் பதிவேடு தொடங்கி வைத்தது. இன்றளவும் எலும்புக் கட்டியைப் பொறுத்தவரை, படத்தைப் பார்க்காமல் திசுவுக்குத் தீர்ப்பு எழுதாதே என்பது அத்துறையினரின் பாலபாடம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சடுகுடு ஆடுகிற இளைஞன் ஒருவன். தொடையில் பலமாக அடிபட்டது. சில வாரங்களில் அங்கே ஒரு கெட்டிக் கட்டி. பயந்துபோய் வருகிறான். கட்டியின் நடுவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கட்டுக்கடங்காமல் பெருகும் உயிரணுக்கள், அரைகுறையாய் உருவாகும் எலும்பு. பார்ப்பதற்கு அசல் எலும்புப் புற்று! காலையே எடுக்கவேண்டிய நோய் என்று தீர்ப்பு எழுதிவிடத் தூண்டும் காட்சி. ஆனால் படத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். கட்டியின் ஓரத்தைச் சுற்றி, முட்டை ஓடுபோல, முதிர்ந்த எலும்பு வளையம், நடுவில் மென்மை. எலும்புப் புற்றில் இது தலைகீழ்: நடுவில் கெட்டி, ஓரத்தில் குழப்பம். ஆகவே இளைஞனுக்கு வந்தது புற்றன்று. அடிபட்ட தசை எலும்பாக மாறி ஆறிவரும் நிலை. தொடாமல் விட்டாலே போதும். ஓரத்திலிருந்து நடுவுக்கு இப்படி அடுக்கடுக்காய் மாறும் அமைப்பை 1958-இல் ஆக்கர்மன் என்ற அமெரிக்க நோய்க்குறியியலார் விளக்கி எழுதினார். ஒரு கால் நிற்பதும் போவதும், ஒரு படம் சரியான மேசைக்கு வந்து சேர்வதைப் பொறுத்திருக்கிறது!

மற்றொன்றையும் சொல்வோம், இது மூன்று பேர் சேர்ந்தால்தான் விடுபடுகிற புதிர். எலும்பில் ஓர் ஓட்டை. திசுவை எடுத்துப் பார்த்தால் பேருருவ உயிரணுக்கள் நிறைந்து கிடக்கின்றன. இது எலும்பிலேயே தோன்றிய கட்டியாகவும் இருக்கலாம். கழுத்திலுள்ள கடுகளவுச் சுரப்பி ஒன்று வீங்கி, எலும்பிலுள்ள சுண்ணாம்பையெல்லாம் உறிஞ்சி ரத்தத்தில் கொட்டுவதால் வந்த விளைவாகவும் இருக்கலாம். மைக்ராஸ்கோப்பால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. கைவிரல் எலும்புகளின் எக்ஸ்ரேயில் விளிம்பு அரித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முன்னது கதிரியல் துறையின் வேலை. பின்னது ரத்தச் சோதனைக்கூடத்தின் வேலை. வியன்னா நகரத்தில் 1925-இல் பெலிக்ஸ் மாண்டல் என்ற மருத்துவர், எலும்பெல்லாம் உருகிப்போன ஒரு டிராம் நடத்துனருக்கு, முதலில் அந்தச் சுரப்பி போதாமல்தான் நோய் வந்தது என்று எண்ணி வேறொரு உடலிலிருந்து எடுத்துப் பதித்துப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு கழுத்தைத் திறந்து வீங்கிய சுரப்பியை எடுத்தார். படுக்கையாய்க் கிடந்தவர் எழுந்து நடந்தார்! பின்னாளில் நோய் திரும்பியது என்றாலும், எலும்பின் நோய்க்குக் கழுத்தில் வேர் இருக்கலாம் என்பதை உலகம் கற்றுக்கொண்டது. எலும்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கற்றிருக்குமா?

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் விழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். வரவேண்டியதும் அதுதான், அத்தனை பேரை வாட்டும் நோய் அது. ஆனால் நிழல் பேசாது. காசமும் நிழல்தான், புற்றும் நிழல்தான், பழைய தழும்பும் நிழல்தான். படிப்பவர் கண்ணும் மாறும். கார்லண்ட் என்ற அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் 1940-களின் இறுதியில் இதை ஆராய்ந்தபோது, தேர்ந்த மருத்துவர்களே நோயுள்ள படங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தவறவிட்டது தெரிந்தது. ஒரே மருத்துவர் ஒரே படத்தை இரண்டாவது முறை பார்த்தபோது முதல் முறை சொன்னதற்கு மாறாகச் சொன்னதும் உண்டு. அவர் தம் துறையைக் குறைத்துப் பேசவில்லை. துணை வேண்டும் என்றார்.

இதனால்தான் சளியைச் சோதித்துக் கிருமியைக் கண்ணால் கண்டு உறுதி செய்வதை இந்தியாவின் காசநோய்த் திட்டம் 1962-இல் தொடங்கியபோதே முன்னிறுத்தியது. அதற்கு முன்பே, 1956-இல் சென்னையில் ஏற்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், நோயாளியை விடுதியில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்பதை 1959-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. படத்தோடு சோதனைக்கூடத்தையும் வைத்துப் பார்த்த அறிவு அது! அப்படியிருந்தும் இன்றும் என்ன காண்கிறோம்? சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும், படத்து நிழலை மட்டும் நம்பிக் காசநோய் மருந்து ஆறு மாதம். நிழல் கரையவில்லை, வளர்கிறது. அப்போதுதான் ஊசி போட்டுத் திசு எடுக்கும் யோசனை. அதற்குள் புற்று நெஞ்சைக் கடந்துவிட்டிருக்கும். "இந்த நிழலுக்கும் இந்தச் சளிக்கும் பொருத்தமில்லையே!" என்று இரண்டாவது மாதமே ஒருவர் கேட்டிருந்தால்?

கேட்கமுடியாமல் தடுப்பது எது? நாம் அறிந்தவரை, முதல் தடை ஒரு துண்டுச் சீட்டு. திசுவோடு சோதனைக்கூடத்துக்குப் போகும் சீட்டில் நோயாளியின் வரலாறு எழுத இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் என்ன எழுதப்படுகிறது? "கட்டி." அவ்வளவுதான்! எத்தனை நாளாய், எங்கே, என்ன அளவு, படத்தில் எப்படி இருந்தது, முன்பு மருந்து சாப்பிட்டதுண்டா? ஒன்றும் இராது. படத்துக்குப் போகும் சீட்டிலும் இதே வறட்சிதான். "நெஞ்சு எக்ஸ்ரே." ஏன் என்று யாரும் எழுதுவதில்லை. தபால்காரர்கூட முகவரி இல்லாத கடிதத்தை வாங்கமாட்டார்; நாம் முகவரி இல்லாமலே மனித உடலை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது தடை, பாட்டில். எடுத்த திசு கெடாமல் இருக்க உடனே 10 சதவீதப் பார்மலினில் போடவேண்டும். திசுவைப்போல் பத்து மடங்காவது திரவம் இருக்கவேண்டும். உப்பு நீரில் போட்டு நாள் கழித்து அனுப்பினால் திசு அழுகும். பார்ப்பவர் "தகுதியற்ற மாதிரி" என்று எழுதித் திருப்புவார். மார்பகத் திசுவாக இருந்தால் பார்மலினில் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்று வரையறையே உண்டு. தவறினால், எந்த மருந்து கேட்கும் என்று காட்டுகிற சோதனைகள் பொய் சொல்லும். ஊசி போடுகிற அறையில் இருப்பவருக்கு இதைச் சொல்லவேண்டியவர் யார்? சோதனைக்கூடத்துக்காரர். அவர் அந்த அறைக்கு எத்தனை முறை போயிருப்பார்?

மூன்றாவது தடையைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கணிப்பொறி! படத்துக்கு ஒரு கணிப்பொறி, சோதனைக்கு ஒரு கணிப்பொறி. இரண்டும் வெவ்வேறு கம்பெனி, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நோயாளிக்கு அங்கே ஒரு எண், இங்கே ஒரு எண். பிளாஸ்டிக் பையில் படத்தைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிற உறவினரே இன்றும் இரு துறைகளையும் இணைக்கும் கம்பி. தனியார் துறையில் இன்னும் மோசம்: படம் ஒரு தெருவில், ஊசி ஒரு தெருவில், திசு கூரியரில் ஏறி வேறொரு நகரத்துக்கு. யாரை யார் கேட்பது?

"நேரம் எங்கே ஐயா? படங்கள் மலைபோல் குவிகின்றன; ஆள் குறைவு" என்பார்கள். ஆள் குறைவு என்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்பது எல்லாப் படத்தையும் எல்லாச் சில்லோடும் ஒட்டிப்பார்க்கச் சொல்லியா? எடுக்கிற எக்ஸ்ரேக்களில் திசுச் சோதனைவரை போகிறவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றிலும் படமும் திசுவும் ஒத்துப்போகிறவைதாம் அதிகம். அவற்றுக்கு ஒரு வரி போதும். முரண்டுகிற மிச்சத்துக்குத்தான் உட்கார்ந்து பேசவேண்டும். மறு ஊசி, மறு படுக்கை, மறு பஸ் கட்டணம், போன கூலி, தவறிப்போன மாதங்கள் ஆகிய இவற்றுக்கெல்லாம் ஆகிற நேரத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, நேரமில்லை என்று சொல்லட்டும்.

பிற நாடுகள் இதைச் சட்டதிட்டத்தோடு செய்கின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1995-இல் வந்த கால்மன்-ஹைன் அறிக்கையைத் தொடர்ந்து, புற்றுநோய்க்கு ஒருவரே தனித்து முடிவெடுக்கும் வழக்கம் மாறியது. அறுவை மருத்துவர், மருந்து மருத்துவர், படம் பார்ப்பவர், திசு பார்ப்பவர், தாதியர் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் முறை அங்கே ஊன்றியது. அமெரிக்காவில் ராணுவ நோய்க்குறியியல் கழகம் பல்லாண்டுக் காலம் ஒரு வகுப்பு நடத்தியது. கதிரியல் பயிலும் இளம் மருத்துவர்கள் ஆளுக்கொரு நோயாளியின் படத்தையும் அதே நோயாளியின் திசுவையும் சுமந்துகொண்டு அங்கே போவார்கள். 2011-இல் அந்தக் கழகம் மூடப்பட்டது. வகுப்பை மூட மனம் வரவில்லை! கதிரியல் கல்லூரி அதை ஏற்று இன்றும் நடத்துகிறது. அந்நாட்டு அறிவியல் கழகங்கள் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான மக்கள் வாழ்நாளில் ஒரு முறையேனும் தவறான அல்லது தாமதமான நோய்க்கணிப்புக்கு ஆளாவார்கள் என்று ஒப்புக்கொண்டது. படம் பார்ப்போரும் திசு பார்ப்போரும் திரைமறைவில் இராமல், நோயைக் கணிக்கும் குழுவில் ஒருவராக முன்னே வரவேண்டும் என்றும் சொன்னது. பணக்கார நாடு, கருவிக்குக் குறைவில்லாத நாடு, அது சொல்கிறது இதை!

நமக்கு இது தெரியாத கலையா? சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் ஏற்பட்டது 1934-இல். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியில் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் பிறந்தது 1954-இல். அந்நிலையத்தின் பொறுப்பில் 1981-இல் தொடங்கிய சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு, மருத்துவமனை மருத்துவமனையாக, சோதனைக்கூடம் சோதனைக்கூடமாகப் போய் ஒரே நோயாளியின் சிதறிய காகிதங்களை ஒன்றுசேர்த்துவருகிறது. நோய் கண்ட பிறகு கணக்குக்காகச் சேர்க்க முடிகிற காகிதங்களை, நோயைக் காண்பதற்காக முன்கூட்டியே சேர்க்க முடியாதா? மாவட்டத் தலைநகர்களிலெல்லாம் இன்று ஸ்கேன் கருவி வந்துவிட்டது. வந்தபோது மாலை, வாழ்த்து, நாடா வெட்டல் எல்லாம் நடந்தன. நல்லது, வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஆனால் அந்தக் கருவியின் அறைக்கும் அடுத்த கட்டடத்துச் சோதனைக்கூடத்துக்கும் நடுவே ஒரு பேச்சுத் தொடர்பு ஏற்பட்டதற்காக எவரும் நாடா வெட்டியதாக நாம் கேள்விப்படவில்லை.

ஆகவே ஆட்சிப் பொறுப்பிலுள்ளோரிடமும், மருத்துவமனைகளை நடத்துவோரிடமும் நாம் கேட்பது பெரிய தொகை அன்று. எவர் படம் பார்த்து ஊசி போட்டுத் திசு எடுக்கிறாரோ, திசுவின் அறிக்கை அவர் மேசைக்கே திரும்பி வரவேண்டும்; அவர் அதைத் தம் படத்தோடு ஒட்டிப்பார்த்து, "பொருந்துகிறது" அல்லது "பொருந்தவில்லை, இன்னது செய்க" என்று கையெழுத்திட்டு எழுதவேண்டும். அந்த வரி இல்லாமல் நோயாளியின் கையில் காகிதம் போகக்கூடாது. பொருந்தவில்லை என்று எழுதிய நோயாளியைப் பெயர் சொல்லித் தேடிக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். அவரிடம் ஒரு தொலைபேசியும் ஒரு பேரேடும் இருந்தால் போதும். சீட்டில் வரலாறு எழுதாமல் அனுப்பப்பட்ட திசுவை, திருப்பி அனுப்பவேண்டாம், திசு என்ன பாவம் செய்தது! அனுப்பியவரையே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். இரண்டு முறை கூப்பிட்டால் மூன்றாவது முறை அவரே எழுதிவிடுவார். முடிந்த இடங்களில், நெஞ்சிலோ ஈரலிலோ ஸ்கேன் பார்த்து ஊசி போடும்போது, சோதனைக்கூட மருத்துவர் ஒரு மைக்ராஸ்கோப்போடு அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்து, எடுத்தது போதுமா என்று அங்கேயே பார்த்துச் சொல்லவேண்டும்; பல ஊர்களில் நடக்கிற காரியம்தான் இது.

வாரத்தில் ஒரு மணி நேரம் இரு துறையினரும் ஒரே அறையில் உட்காரவேண்டும். ஒரு பக்கம் படம், மறு பக்கம் மைக்ராஸ்கோப்பின் காட்சி. அந்த வாரம் முரண்டிய நோயாளிகளின் பட்டியல் நடுவில். புதிய கட்டடம் வேண்டாம். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் வகுப்பறை இருக்கிறது, திரை இருக்கிறது, பயிலும் மாணவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதை அந்தந்த மருத்துவமனையின் தலைவரே முடிவு செய்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.